காமன் எரிந்தானா?

காமன் எரிந்தானா, எரியவில்லையா? தஞ்சைச் சீமையின் கிராமங்களில் இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஜனங்கள் விடிய விடிய வாதாடியிருக்கிறார்கள். மராட்டியர் ஆட்சியோடு வந்து தமிழ் மண்ணில் வேரூன்றிய லாவணி என்னும் பாட்டு வாதத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டு கட்சிகள் உண்டு. சிவனுடைய நெற்றிக் கண்ணின் முன் மன்மதன் சாம்பலானான் என்று ஒருவர் பாடி நிறுத்துவார். அவன் சாம்பலாகியிருந்தால் உலகம் இன்றும் பெருகுவது எப்படி என்கிற போக்கில் மற்றவர் மடக்குவார். மாயூரத்தை அடுத்த கொருக்கையில்தான் அந்தத் தகனம் நடந்தது என்று தலபுராணம் இடம் குறித்தே சொல்லிவிட்டது. ஆயினும் வாதம் ஓயவில்லை. ஓயாததற்குக் காரணமும் உண்டு. புராணத்தை முன்னிட்டு மனிதன் தன்னைப் பற்றியே அங்கே கேட்டுக்கொண்டிருந்தான்.

அதே சர்ச்சை இப்போது சினிமாவைச் சுற்றி நடக்கிறது. ஆணும் பெண்ணும் தழுவி ஆடும் காட்சி வெண்திரையில் வந்ததும் ஒரு சாரார், "கொளுத்து" என்கிறார்கள். பண்பாடு, குடும்பம், மாணவர் ஒழுக்கம் ஆகியவற்றைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். மற்றொரு சாரார், மனித இயற்கையை யாரால் எரிக்க முடியும் என்று கேட்டுக்கொண்டே நுழைவுச் சீட்டை நீட்டுகிறார்கள். இந்த இரு கட்சியும் ஓரிடத்தில் மிக ஒற்றுமையாக நிற்பதை நாம் கவனிப்பதில்லை. காமம் என்பது இரண்டு உடல்கள், அவ்வளவுதான் என்பது இருவருக்கும் பொதுவான சித்தாந்தம். ஒருவர் அதை மூடச் சொல்கிறார். ஒருவர் திறந்து விற்கிறார். அந்தச் சித்தாந்தமே பிழை என்பதுதான் நாம் இங்கே சொல்ல வந்தது.

பிழை என்று நமக்குக் காட்டிக்கொடுப்பவர்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள். இலங்கையின் மத்திய மலைநாட்டில், தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக ஏறிச் சென்றால் வருவது அக்கரப்பத்தனை. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களைக் கேட்டால் பிரித்தானியக் கனவான் ஒருவரின் நாட்குறிப்பைப் புரட்டுவது போலிருக்கும்: பெல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி, ஹோல்புறூக். பெயர் வைத்தவர்கள் தங்கள் ஊர் நினைவை மலையின் மீது எழுதிக்கொண்டார்கள். காடு வெட்டி, கான் வெட்டி, கொழுந்து பறித்தவர்களின் ஊர் நினைவு, அதாவது திருச்சியும் தஞ்சையும் சேலமும் மதுரையும் இராமநாதபுரமும், எந்தப் பெயர்ப் பலகையிலும் ஏறவில்லை. அது மாசி மாதத்துப் பனியில் காமன் கூத்தாக எழுந்து ஆடுகிறது. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று வேறு கூத்துகளும் மலையகத்தில் உண்டு. காமன் கூத்துக்குரிய இடம் தனி.

மாசி அமாவாசை கழிந்த வளர்பிறையில் காமன் ஊன்றுவார்கள். வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் காப்பார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் ரதியும் மன்மதனும் தப்பின் அடிக்கு ஆடி ஆடி, பொழுது விடிவதற்குள் தகனம் நடந்துவிடும். கதை எல்லோரும் அறிந்ததுதான். ஆயினும் அதைத் தொழிலாளியின் பக்கத்திலிருந்து ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். தேவர்களுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. அசுரனை வெல்லச் சிவனுக்கு ஒரு மகன் வேண்டும். சிவனோ தவத்தில் இருக்கிறார். தவத்தைக் கலைக்கும் ஆபத்தான வேலை மன்மதனின் தலையில் விழுகிறது. தூதன் ஓலை கொண்டு வருகிறான். போகாதே என்று ரதி தடுக்கிறாள், வாதாடுகிறாள், அழுகிறாள். மன்மதன் போகிறான். மேலிடத்து ஆணையை மறுக்க அவனால் முடியாது. அவன் எரிகிறான், தேவர்களின் காரியம் இனிதே முடிகிறது. கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பிக் கடல் கடந்து வந்த ஒரு வம்சம் இந்தக் கதையை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஏன் விடாமல் ஆடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.

ரதியும் மன்மதனும் ஆடும் அந்த ஆட்டத்தில் காமம் இருக்கிறது, ஐயமில்லை. அதைப் பார்க்கக் குழந்தைகளும் கிழவிகளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விழித்திருக்கிறார்கள். யாரும் கெட்டுப்போவதாகத் தெரியவில்லை. காரணம், அங்கே காமம் தனியாக வருவதில்லை. தன்னோடு ஓலையையும், தர்க்கத்தையும், பிரிவையும், ஒப்பாரியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. தப்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் காலத்தில் விடியற்காலையில் தொழிலாளியைப் பெரட்டுக் களத்துக்கு எழுப்பியதும் இதே முழக்கந்தான். தோட்டத் தொழிலாளரின் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதையில் அந்த விடியற்காலை முழக்கத்தைப் பதித்து வைத்திருக்கிறார். பகலில் உடலை வேலைக்கு விரட்டிய அதே தோல், மாசி இரவில் அந்த உடலை அதற்கே திருப்பிக் கொடுக்கிறது. (தப்படிக்கும் கையைச் சாதியின் பெயரால் ஒதுக்கியதும் இதே சமூகந்தான். கூத்துக்கு அவன் இல்லாமல் ஆகாது. பந்தியில் அவன் இருந்தால் ஆகாது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் கூத்தைப் புகழ்வதில் பொருளில்லை.)

இனி உலகின் மறுகோடிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், காமத்தைத் திரையில் காட்ட உலகச் சினிமா தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் நாட்டியம் டாங்கோ. கறுப்புக் கோட்டு, பிளந்த பாவாடை, உதட்டில் ஒரு ரோஜா: இந்த மூன்றும் வந்துவிட்டால் மோகம் வந்துவிட்டதென்று எந்த நாட்டு ரசிகனுக்கும் புரிந்துவிடுகிறது. ஆனால் அந்த டாங்கோவும் நம் கூத்தைப் போலவே கூலிகளின் பிள்ளை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்ஜென்டினாவின் தலைநகரான போனஸ் அயர்ஸ் துறைமுகத்தில், இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் கப்பல் கப்பலாக இறங்கினார்கள். 1914ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்கள் குடியிருந்த கொன்வென்டில்யோ என்னும் கட்டடம் எப்படியிருக்கும்? நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவான குழாய். லயத்தை அறிந்தவருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1907இல் வாடகை உயர்வை எதிர்த்து அந்தக் குடியிருப்பினர் பெரும் போராட்டம் நடத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் துடைப்பத்தை ஏந்தித் தெருவில் ஊர்வலம் வந்தார்கள். அந்த முற்றங்களிலும், சேரிச் சாராயக் கடைகளிலும், விலைமகளிர் விடுதிகளிலும், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் வைத்திருந்த தாளமும், ஐரோப்பியக் கூலிகளின் ஏக்கமும், ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்த துருத்தி வாத்தியமும் கலந்து டாங்கோ பிறந்தது. பெண்களைவிட ஆண்கள் மிகுந்த ஊர் அது. ஆகவே ஆண்கள் ஆண்களோடு ஆடிப் பழகினார்கள். ஆண் ரதியைக் கண்ட நமக்கு அதில் வியப்பில்லை.

பிறகு அது ஏற்றுமதியாயிற்று. 1913ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்துச் சீமான்களுக்கு டாங்கோப் பைத்தியம் பிடித்தது. ஜெர்மன் சக்கரவர்த்தி, சீருடை அணிந்த தம் அதிகாரிகள் அதை ஆடக்கூடாதென்று தடை விதித்தார். பாரிஸ் ஏற்றுக்கொண்டதும், அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த போனஸ் அயர்ஸின் மேல்தட்டு, தன் ஊர்ச் சேரியின் நாட்டியத்தை இறக்குமதிச் சரக்காக வரவேற்றது.

சினிமா அதன் மீது கை வைத்தது இந்தக் கட்டத்தில்தான். 1921இல் வெளிவந்த 'நான்கு குதிரை வீரர்கள்' என்ற ஹாலிவுட் படத்தில் ருடால்ப் வாலன்டினோ, ஆடிக்கொண்டிருக்கும் ஒருவனை அடித்து விலக்கிவிட்டு, அவனோடு ஆடிய பெண்ணை இழுத்து டாங்கோ ஆடுகிறார். உலகமே மயங்கிய காட்சி. அவர் அணிந்திருப்பது புல்வெளி மாட்டுக்காரனான கௌச்சோவின் உடை. டாங்கோவோ துறைமுகச் சேரியின் நாட்டியம். மாட்டுக்காரனையும் துறைமுகத்தையும் ஒட்டுப்போட்டவர்களுக்கு இரண்டைப் பற்றியும் கவலையில்லை. பெண்ணைப் பறிக்கும் ஆண் ஒருவன் தேவைப்பட்டான். அன்றிலிருந்து திரையில் டாங்கோ என்றால் ஆண் வெல்வது, பெண் தோற்பது என்றாகிவிட்டது. 1935இல் கார்லோஸ் கார்டெல் இசையமைத்துப் பாடிய ஒரு டாங்கோவுக்கு நேர்ந்ததும் இதே கதைதான். குதிரைப் பந்தயத்தில் தலையளவு தூரத்தில் தோற்றவனின் புலம்பல் அது. சூதாடியின் ஏக்கமும் காதலனின் ஏக்கமும் ஒன்றாகும் அழகிய பாட்டு. 1992இல் ஆல் பசினோ கண்ணிழந்த இராணுவ அதிகாரியாக நடித்த படத்தில் அந்த மெட்டு நியூயார்க் ஓட்டல் ஒன்றின் பளபளப்பான தளத்தில் ஒலித்தது. சொல் உதிர்ந்துவிட்டது. பந்தயத்தில் பணத்தை இழந்தவன் வெளியேற்றப்பட்டுவிட்டான். இசை மட்டும் சீமான்களுக்கு மிஞ்சியது. காட்சி அழகாயில்லை என்று நாம் சொல்லவில்லை. மிக அழகாகவே இருக்கிறது.

இந்த உதிர்ப்புக்கு நம் பழந்தமிழ் இலக்கணத்திலேயே ஒரு பெயர் கிடைக்கிறது. அகப்பாட்டுக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று வேண்டும் என்கிறது தொல்காப்பிய மரபு. முதல் என்பது நிலமும் பொழுதும். உரி என்பது புணர்ச்சி, பிரிவு முதலிய உணர்ச்சி. நடுவில் நிற்பது கரு: உணவு, மரம், பறவை, தெய்வம், தொழில். பறையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது! குறிஞ்சி நிலத்துக் காதலி தினைப்புனம் காக்கிறவள். கிளியோட்டும் வேலைக்கு நடுவில்தான் அவளுடைய காதல் நிகழ்கிறது. காமத்தை மறைக்காத இலக்கியம் அது. வள்ளுவரும் 250 குறளைக் காமத்துக்கு ஒதுக்கினார். ஆயினும் தொழிலையும் பறையையும் நீக்கிவிட்டுத் தழுவலை மட்டும் பாடுவதை அந்த மரபு இலக்கணமாக ஏற்கவில்லை. திரைப்படம் செய்வது என்ன? மலையையும் மூடுபனியையும் எடுத்துக்கொள்கிறது, தழுவலை எடுத்துக்கொள்கிறது, கருப்பொருளை வெட்டி எறிகிறது. 1961இல் ஸ்ரீதரின் 'தேன் நிலவு' காஷ்மீருக்கே சென்று காதலைப் படம்பிடித்து வந்தது. பின்னர் உதகையும் கொடைக்கானலும் மூணாறும் நம் காதலர்களுக்குப் பாடுமிடங்களாயின. தேயிலைச் செடிகளுக்கிடையே நாயகனும் நாயகியும் ஓடுகிறார்கள். கொழுந்து பறிக்கிறவள் எங்கே? ஒன்று, அவள் இல்லை. அல்லது, சலவை செய்த சேலையும் காலிக் கூடையுமாக வரிசையில் நின்று நாயகிக்குப் பின்பாட்டுப் பாடுகிறாள். அட்டைக்கடியும், நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கும் அவளுக்குக் கிடையாது. காதல் அவளுக்கு அறவே கிடையாது.

கருப்பொருளை முற்றாக நீக்கினால் காமம் எங்கே போய் நிற்கும் என்பதைக் காட்டிய படம் ஒன்று உண்டு. பெர்னார்டோ பெர்தொலூச்சி 1972இல் எடுத்த 'பாரிசில் கடைசி டாங்கோ'. ஆளில்லாத ஒரு வீடு. அங்கே சந்திக்கும் இருவரும் தம் பெயரைக்கூடச் சொல்லக்கூடாது என்பது ஏற்பாடு. நம் அகப்பாட்டிலும் தலைவன் தலைவிக்குப் பெயர் கிடையாது. ஆனால் ஊர் உண்டு, தோழி உண்டு, தாய் உண்டு, தொழில் உண்டு. இங்கே எதுவுமில்லை. உலகத்தின் இரு கட்சிகளும் இந்தப் படத்தின் மீது பாய்ந்தன. ஒரு கட்சி கலைச் சிகரம் என்றது. இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 1976இல் படப் பிரதிகளை அழித்துவிட உத்தரவிட்டது. எரிந்த கட்சிக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடைக்காது. அந்தக் கூச்சலில் எவரும் காது கொடுக்காத ஒரு குரல் இருந்தது.

கதாநாயகி மரியா ஷ்னைடருக்குப் படப்பிடிப்பின்போது வயது 19. நாயகன் மார்லன் பிராண்டோவுக்கு 48. பலாத்காரக் காட்சி ஒன்றின் ஒரு விவரத்தை இயக்குநரும் நாயகனும் தங்களுக்குள் முடிவுசெய்துகொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு உரிய முறையில் முன்கூட்டிச் சொல்லவில்லை. படத்தில் நடந்தது நடிப்பென்றாலும் தான் சிந்திய கண்ணீர் உண்மை என்றும், அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்தேன் என்றும் 2007இல் அவர் வெளிப்படையாகப் பேசினார். 2011இல் காலமானார். 2013இல் இயக்குநர் கொடுத்த விளக்கம் இது: நடிகையாக அவள் நடிப்பது தமக்கு வேண்டியிருக்கவில்லை, பெண்ணாக அவள் அவமானப்படுவதே வேண்டியிருந்தது. ஆபாசமா, கலையா என்று தீர்ப்பளித்த அத்தனை பேரும், கமராவுக்கு முன் நின்றவளின் சம்மதத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் கேட்கவேயில்லை. இரண்டு உடல்கள் என்ற சித்தாந்தத்தின் விளைவு இது. உடலைக் கண்டார்கள், ஆளைக் காணவில்லை.

இந்த இடத்தில் கூத்தின் ரதியை அருகில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ரதி வேடம் கட்டுகிறவன் தானே முன்வந்து காப்புக் கட்டிக்கொள்கிறான். எந்த அடிக்குப் பின் எந்த அடி, எந்த வசனத்துக்குப் பின் எந்த அழுகை என்பதை முன்கூட்டி அறிந்தவன். அவனை ஊரறியும், அவனும் ஊரை அறிவான். தகனத்துக்குப் பின் அவன் ஒப்பாரி வைக்கும்போது, பார்த்திருக்கும் பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். அவனிடமிருந்து யாரும் கண்ணீரைத் திருடவில்லை. கதை அதோடு முடிவதுமில்லை. ரதியின் வேண்டுதலுக்கு இரங்கிச் சிவன் மன்மதனை எழுப்புகிறார். ஆனால் அவன் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். ஆக, உலகத்தின் கண்ணுக்கு எரிந்தவன், ரதிக்கு எரியாதவன். லாவணிக்காரர்களின் இரு கட்சியும் பாதிப் பாதி மெய் சொல்லியிருக்கின்றன. மூன்றாவது கண் ஒன்று திறந்து வெறுமனே உற்றுப் பார்த்தால் காமம் சாம்பலாகிவிடுகிறது என்பதையும் புராணமே சொல்லிவிட்டது. இக்காலத்தில் அந்த மூன்றாவது கண் எதுவென்று வாசகருக்குச் சொல்ல வேண்டுமா?

கூத்தைக் கோயிலாக்குவது நம் நோக்கமன்று. ரதியின் துயரத்தை நெடுங்காலமாக ஆணே பாடினான், பெண் பார்த்திருந்தாள். விடிய விடியப் பார்த்தவள் காலையில் அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, பெரட்டுக்கும் போனாள். 1984வரை அவளுடைய நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. தன் காமத்தைத் தன் வாயால் சொல்ல மேடை அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆண்டாள் காமனையே விளித்துப் பாடிய மொழியில் இது ஒரு பெரும் பின்னடைவுதான்.

அவள் ஏன் அழுதாள் என்பதையும் கேட்க வேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. அவர்களைக் கேட்டு எழுதியதன்று. அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. மனங்கலந்தவர்களில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மற்றவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டிக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. கொழும்பும் டில்லியும் சேர்ந்து அனுப்பிய ஓலை அது. அந்தப் பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்கு ரதியின் அழுகை புராணமாகவா இருந்திருக்கும்? காமத்துக்கு எதிரான பெருங்குற்றங்கள் தழுவலைக் காட்டும் திரையில் நிகழ்வதைவிட இத்தகைய காகிதங்களில் அதிகம் நிகழ்ந்திருக்கின்றன. ஒழுக்கக் காவலர் எவரும் அப்போது கொடி பிடித்ததாகத் தெரியவில்லை.

நம் நண்பர்களில் சிலர் வேறொரு ஆட்சேபம் எழுப்பக்கூடும். நாள் முழுதும் மலையேறிக் களைத்தவளுக்கு அந்த மூன்று நிமிட டூயட் ஒன்றுதான் இன்பம்; அதையும் நீங்கள் ஆராய்ச்சி செய்து கெடுக்க வேண்டுமா என்பது. நியாயமான ஆட்சேபம். அவள் அதைப் பார்த்து மகிழட்டும்; கனவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் அவள் எங்கேயிருந்து அதைப் பார்க்கிறாள்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. மாமியார், மாமனார், பிள்ளைகள், புதிதாக மணமான கொழுந்தன். வெள்ளைக்காரன் காலத்து லயங்களில் இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் இப்படித்தான் இருக்கின்றன. பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். புதுமணத் தம்பதியர் ஒருவரையொருவர் கண்ணெடுத்துப் பார்க்கவும் இடமில்லாத ஓரிடத்தில், காதலுக்காக மாளிகையில் தனி அறை கட்டித் தரும் சினிமாவை அவள் பார்க்கிறாள். டூயட்டில் அவள் பொறாமைப்படுவது நாயகியின் அழகைக் கண்டா, அந்த அறைக்கு ஒரு கதவு இருப்பதைக் கண்டா? தனி வீடும் காணியும் வேண்டும் என்ற மலையகத்தின் நெடுநாள் கோரிக்கையைச் சுகாதாரம், சொத்துரிமை என்ற தலைப்புகளில்தான் நாம் பேசி வந்திருக்கிறோம். அது காமத்துப்பாலுக்கும் உரிய விஷயம்.

தோட்டத்து வாழ்வைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் இல்லாமலில்லை. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்தார். 2013இல் பாலாவின் 'பரதேசி', பி. எச். டேனியல் எழுதிய ஆனைமலைத் தோட்ட நாவலை ஆதாரமாகக் கொண்டு வந்தது. அதில் காதல் உண்டு. அந்தக் காதலை அறுப்பது வில்லன் ஒருவன் அல்லன், தோட்டத்துக் கணக்குப் புத்தகம். கருப்பொருள் திரையில் ஏறும்போது உரிப்பொருள் எவ்வளவு கனக்கிறது என்பதற்கு அந்தப் படத்தின் இறுதிக் காட்சி நல்ல சாட்சி.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகளின் கைகளிலேயே கமரா இருக்கிறது. காமன் கூத்தைக் கைத்தொலைபேசியில் படம்பிடிக்கிறார்கள். தகனத்தின் தீ நன்றாக விழுகிறது. ரதியின் நீண்ட தர்க்கத்தை வெட்டிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவன், அல்லது ஒருத்தி, நாளை முழுநீளப் படம் எடுக்கக்கூடும். பெல்மோரலிலோ டயகமவிலோ ஒரு காம்பராவுக்குள் இரண்டு பேரின் காதலை எடுக்க வேண்டுமென்றால், பத்துக்குப் பன்னிரண்டில் கமராவை எங்கே வைப்பார்கள்? கிழவி படுத்திருக்கும் மூலையிலா, அடுப்படியிலா, வாசலுக்கு வெளியே இஸ்தோப்பிலா? யாரை எழுப்பி வெளியே அனுப்புவார்கள், அனுப்புவதற்கு முன் யாரிடம் கேட்பார்கள்?